ஒரு மாப்பிள்ளை, இரண்டு ஓட்டு

அபிப்பிராயம் கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. "சாம்பார் எப்படி இருக்கு?" என்று கேட்பவர் சாம்பாரைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தப் புடவை எனக்கு நல்லா இருக்கா?" என்ற கேள்விக்கும் புடவைக்கும் சம்பந்தமே கிடையாது. கேட்கிறவர் உங்களைத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறார். இது எனக்குப் பிறவியிலேயே வந்த ஞானம் இல்லை. எண்பதுகளின் நடுவில், வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில், ஒரு பிரெஞ்சு உளவு நாடகத்தை டி.வி.யில் போட்டுக் காட்டிவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் "எப்படி மாப்ளே?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலால், என் கல்யாணம் கோயில் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தது.

அப்போது நான் மதகடிப்பட்டில் மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர். டாக்டர் ஊசி போடுவார். நான் மாட்டைப் பிடித்துக்கொள்வேன். (யாராவது தெரியாமல் என்னை "டாக்டர்" என்று கூப்பிட்டுவிட்டால் திருத்த மாட்டேன், அது வேறு விஷயம்.) சொந்த ஊர் பாகூர் பக்கம். அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். அப்படிப்பட்ட எனக்குத்தான் முசே அந்துவான் வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது.

முசே அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் அவர்களை 'சொல்தா' என்போம், மரியாதைக்குப் பேருக்கு முன்னால் 'முசே' போடுவோம். சைகோன் பார்த்தவர், அல்ஜீரியா பார்த்தவர், பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குபவர். மகன் பாரீசுக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தான். மகள் தெரேசுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. அந்த வார்த்தைக்கு இருந்த மவுசை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டினால் காகிதம் வரும். காகிதம் வந்தால் விமானம் ஏறலாம். பெண் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்றுகூட யாரும் விசாரிக்க மாட்டார்கள். காகிதம் சுத்தமா என்று மட்டும் விசாரிப்பார்கள்.

"அவ்ளோ பெரிய எடம், நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்குடா வருது?" என்றாள் அம்மா. "பொண்ணுக்கு ஏதோ கொறை இருக்குது."

பெண் பார்க்கப் போனோம். குறை ஒன்றும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு எனக்குக் குறை தேடும் புத்தியே போய்விட்டது. அம்மா விடவில்லை. "வெளிய தெரியாத கொறைதான்டா பெரிய கொறை" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்தப் பக்கமும் இதே கதைதான். எனக்கு முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளை, பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்பே "காகிதம் எத்தனை மாசத்துல கைக்கு வரும்?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து முசே அந்துவானுக்கு, வேட்டி கட்டி வரும் எந்த இளைஞனைப் பார்த்தாலும் விமான டிக்கெட்டுக்கு வந்தவனாகத்தான் தெரிந்தது. இப்படி இரண்டு பக்கமும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டு, வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு, நிச்சயத்தை முடித்தோம்.

எங்கள் கிறிஸ்தவக் கல்யாணத்தில் ஒரு கண்டம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் 'ஓலை' வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்கு சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் அறிவிப்பார்கள். அந்தக் கடைசி வரி வரும்போது மொத்தக் கோயிலும் மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்க்கும். எவனாவது எழுந்து ஏதாவது சொல்லித் தொலைப்பானோ என்று ஒரு குற்றமும் செய்யாதவனுக்குக்கூட வியர்க்கும். முதல் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில் புத்தியுள்ள மாப்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டான்.

எனக்கோ முதல் ஓலை வாசிக்கிற ஞாயிறே பெண் வீட்டிலிருந்து அழைப்பு. "எங்க ஊர்ப் பூசைக்கே வாங்க. முடிஞ்சதும் வூட்டுல கேசட்டு போடறோம், பாத்துட்டுப் போங்க" என்று முசே ஆள் அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஓலை நேரத்துல மாப்ளைய யாருடா வூட்டுக்குக் கூப்புடுவாங்க?"

"படம் காட்டறாராம்மா."

"உனக்குப் படம் காட்டறாரா, உன்னைப் படமா பாக்கறாரா? ஜாக்கிரதையா இரு. யார் இன்னா சொன்னாலும் ஆமாம்னு சொல்லிட்டு வந்துடு."

அம்மாவின் இந்தப் புத்திமதியை ஒரு எழுத்து பிசகாமல் நிறைவேற்றினேன். அதுதான் வினை.

முசே வீட்டுக் கூடத்தில் ஊரே இருந்தது. அந்தக் கிராமத்தில் அப்போது கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் இருந்த வீடு அது ஒன்றுதான். பூசை முடிந்த கையோடு ஜனங்கள் முக்காட்டுத் துணியை எடுக்காமல்கூட வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூடத்தின் ஒரு கோடியில் டி.வி. டி.வி.க்குப் பக்கத்தில் முசேயின் ஈசிசேர். அதை அவர் ஒரு மாதிரி சாய்த்துப் போட்டிருந்தார்; கண்ணை லேசாகத் திருப்பினால் டி.வி., இன்னும் லேசாகத் திருப்பினால் என் முகம். எனக்கு நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி. என் முதுகுக்குப் பின்னால், வாசற்படி ஓரம், முசேயின் தம்பி தாவீது தன் ஆட்களோடு நின்றார். டி.வி.க்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் தெரேஸ். டெக்கில் கேசட் போடுவது, நிறுத்துவது, படம் ஆடினால் தலையில் ஒரு தட்டு தட்டுவது எல்லாம் அவள் வேலை.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு வந்த வருஷங்களில் அதைப் பல தடவை பார்க்கும்படி ஆனதால் தைரியமாகச் சொல்கிறேன். பிரான்சில் மகன் டி.வி.யிலிருந்து பதிவு செய்து அனுப்பிய மூன்று கேசட். ஒரு அலுவலகம். அதில் வயதான நாலைந்து பேர். அவர்களில் ஒருவன் எதிரி நாட்டுக்கு உளவு சொல்கிறான். யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பேசியே. ஒருவன் பேசுவான். மற்றவன் சிகரெட்டைப் பற்றவைப்பான். முதல் ஆள் ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பான். திரும்பி வந்து மறுபடி பேசுவான். மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு துப்பாக்கிதான் வரும். அதுவும் மேஜை டிராயருக்குள் கிடக்கும். டிராயரைத் திறப்பான், பார்ப்பான், மூடிவிடுவான்.

போதாக்குறைக்கு, கலர் டி.வி.யில் அது கறுப்பு வெள்ளையாக ஓடியது. அந்த நாட்டில் பதிவு செய்த கேசட்டும் நம்ம ஊர் டெக்கும் ஒத்துப்போகாது, நிறம் விட்டுப்போகும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. டி.வி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பாதிப் பேர் சந்தேகப்பட்டார்கள். மகன் பழைய கேசட்டைத் தள்ளிவிட்டான் என்று மீதிப் பேர் சந்தேகப்பட்டார்கள்.

பேசுவது பிரெஞ்சு. கூடத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் முசே ஒருவர்தான். அவர் சொல்லச் சொல்லத்தான் ஊருக்குக் கதை. ஒரு கிழவன் நாற்காலியில் சாய்ந்து, கையை ஆட்டி, மூச்சு விடாமல் நீளமாகப் பேசி முடிப்பான். ஊரே முசேயின் வாயைப் பார்க்கும்.

"வேணாங்கறான்" என்பார் முசே.

"அவ்ளோதானா?" என்று பின்னாலிருந்து தாவீதின் குரல் வரும். "இத்தினி நேரம் பேசினதுக்கு 'வேணாம்' ஒண்ணுதான் அர்த்தமா? மீதியெல்லாம் எங்கண்ணே போச்சு?"

"மீதி உனக்குத் தேவையில்ல. பட்டாள ரகசியம்."

இதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. முசேயின் கட்சி, பேச்சுக் கட்சி. உளவு என்றால் இப்படித்தான் நடக்கும், ஒருத்தன் சும்மா இருக்கிறான் என்றால் அப்போதுதான் பெரிய வேலை நடக்கிறது, நானே சைகோனில் பார்த்திருக்கிறேன் என்பது அவர் வாதம். தாவீதின் கட்சி, வெடிக் கட்சி. டிராக்டர் ஓட்டுபவர், சும்மா இருப்பது என்றால் அவருக்கு ஆகாது. "ரெண்டு கெழவனுங்க மழையைப் பாத்துகினு குந்திகினு இருக்கறதுக்குப் பேரு நாடகமா? அந்த டிராயரைத் திறந்து ஒரு தடவையாச்சும் சுடச்சொல்லுண்ணே!" என்பார். அண்ணன் பிரான்ஸ் பக்கம் போனவர், தம்பி இங்கேயே ஏர் பிடித்தவர். அவர்களுக்குள் சொல்லாமல் கிடந்த வருத்தமெல்லாம் அந்த நாடகத்தின்மேல் இறங்கியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

உளவாளி யார் என்பதிலும் ஊர் ஒத்துப்போகவில்லை. முசேக்குச் சந்தேகம், குடை வைத்திருப்பவன்மேல். தாவீதுக்குச் சந்தேகம், வழுக்கைத் தலையன்மேல். என் வருங்கால மாமியார் பிலோமி அத்தை, அலுவலகத்தில் காப்பி கொண்டுவரும் பெண்தான் என்று அடித்துச் சொன்னாள். "கேக்காமலே காப்பி கொண்டாந்து குடுக்கறாளே, அவளை எப்படி நம்பறது?" என்றபடியே எனக்கு நான் கேட்காத காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதல் கேசட் முடிந்தது. முசே ஈசிசேரில் நிமிர்ந்தார்.

"எப்படி மாப்ளே?"

அம்மா சொன்னது காதில் ஒலித்தது. "பிரமாதம் மாமா. என்ன நிதானம்! கறுப்பு வெள்ளையில இருக்கறதால இன்னும் நல்லாயிருக்கு. உளவுக்கெல்லாம் கலர் சரிப்படாது."

அவர் முகம் மலர்ந்தது. "வுய்! ஆமாங்கறேன்! விஷயம் தெரிஞ்ச ஆளு" என்றார்.

வாசலுக்கு வந்தேன். தாவீது என் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார். அவரும் சாதாரண ஆள் இல்லை. கல்யாணப் பந்தலிலிருந்து பந்திவரை எல்லாம் அவர் பொறுப்பு, அவர் முகம் கோணினால் கல்யாணமே கோணும். "மாப்ளே, உண்மையச் சொல்லுங்க. தூக்கம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சின்ன மாமா. கலரும் இல்ல, சண்டையும் இல்ல. இதெல்லாம் மனுஷன் பார்ப்பானா?"

அவரும் மலர்ந்தார். இரண்டு கட்சியும் என்னைத் தங்கள் ஆள் என்று எழுதிக்கொண்டன. பஸ்ஸில் ஏறும்போது என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். (முட்டாள்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.)

இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழவில்லை. அன்றைக்கு இரண்டாம் கேசட். அது முதல் கேசட்டைவிட மெதுவாகப் போனது. பாதியில் ஒருவன் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்துவிடலாம். முடிந்ததும் தாவீது பொறுமை இழந்துவிட்டார்.

"அண்ணே, அடுத்த ஞாயிறும் இந்தக் கெழவனுங்க வேணாம். மதகடிப்பட்டுல சண்டைப் படக் கேசட்டு வாடகைக்கு இருக்குது. நான் எடுத்தாறேன்."

"என் வூட்டு டெக்குல என் மவன் அனுப்புன கேசட்டுதான் ஓடும்."

"ஊரு வந்து குந்தியிருக்குது இல்ல? ஊரைக் கேளு."

கூடத்தில் சலசலப்பு. முசே கையை உயர்த்தி அடக்கினார். பிரான்சில் குடியரசு பார்த்தவர் ஆயிற்றே! "சரி, ஓட்டு எடுப்போம். தெரேஸ், நீ எண்ணு" என்றார்.

இங்கே உட்காரும் இடத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். எனக்கு முன்னால் முசே. முதுகுக்குப் பின்னால் தாவீது. ஒருவர் என் முகத்தைப் பார்க்கிறார். இன்னொருவர் என் பிடரியைப் பார்க்கிறார். ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. மின்னல் மாதிரி எனக்கு ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"மூணாவது கேசட்டு வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றார் முசே. நான் கையை மார்புக்கு நேராக, பின்னாலிருப்பவர்களுக்குத் தெரியாதபடி, ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் உயர்த்தினேன். முசே என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சண்டைப் படம் வேணுங்கறவங்க தூக்குங்கப்பா!" என்று பின்னாலிருந்து தாவீது கத்தினார். நான் பிடரியைச் சொறிவதுபோல் கையைப் பின்னால் கொண்டுபோய், விரல்களை மட்டும் விரித்து ஆட்டினேன். "சபாஷ் மாப்ளே" என்று பின்னால் மெல்லக் கேட்டது.

இரண்டு மாமனார்களையும் கணக்கில் வைத்திருந்தேன். பக்கவாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளை மறந்துவிட்டேன். அவளுக்கு என் முன்கையும் தெரிந்தது, பின்கையும் தெரிந்தது. தெரேஸ் ஒரு பக்கமும் சாயாமல், நேர்மையாக, இரண்டையும் எண்ணினாள்.

"இதுக்கு இருவது, அதுக்கு இருவது. ரெண்டும் சமம்" என்றாள்.

முசே கூடத்தில் இருந்த தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஆளை விட ஓட்டு ஒண்ணு ஜாஸ்தியா இருக்குதே?"

"நான் எண்ணினது சரிதாம்பா" என்றாள் அவள். அப்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

"நம்ம மாப்ளை இருக்காரு இல்ல, நம்ம கட்சிக்கு எப்படி கொறையும்?" என்றார் முசே.

"உங்க கட்சியா? மாப்ளை எங்க கட்சிண்ணே! இப்பத்தான் கை தூக்கினாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கை இருக்கும் இடமே தெரியவில்லை, பிடரியிலேயே இருந்தது.

முசே கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஊரை அனுப்பிவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கமும் கை தூக்கறவன்," என்று நிதானமாக ஆரம்பித்தார், "என் பொண்ணு பக்கம் ஒரு கையைத் தூக்குவான். பிரான்சு பக்கம் இன்னொரு கையைத் தூக்குவான். காகிதம் கைக்கு வந்ததும் எந்தக் கை எறங்கும்னு எனக்குத் தெரியாதா மாப்ளே?"

"மாமா, சத்தியமா காகிதத்துக்காக இல்ல..."

"அப்படித்தான் சொல்லுவான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, டி.வி.யைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் அவர் நேரே பங்கு சாமியாரிடம் போய், தடை இருப்பதாகத் தெரிவித்துவிட்டார். அந்த மறைமாவட்டத்தின் வரலாற்றில் மாப்பிள்ளைக்கு முன்பே மனைவி இருக்கிறாள், நெருங்கிய உறவுமுறை, வயது குறைவு என்றெல்லாம் தடை வந்திருக்கும். டி.வி. நாடகத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் வைத்திருக்கிறான் என்று வந்த தடை எனக்கு மட்டும்தான்.

செய்தி கேட்டு அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன், அந்த வூட்டுல ஏதோ இருக்குதுன்னு" என்றாள். எனக்கோ சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பசுவின் காலைப் பிடிப்பதற்குப் பதில் டாக்டரின் காலைப் பிடித்துவிட்டேன். பரிகாசத்துக்குச் சொல்லவில்லை, அந்த வாரம் முழுக்க என் மனசு அழுதுகொண்டுதான் இருந்தது. எனக்கு பிரான்ஸ் வேண்டாம். அந்தக் குளிரை நினைத்தாலே எனக்கு நடுக்கம். எனக்கு முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண் வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள்?

சாமியார் பங்களாவுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சாமியார் வயதானவர், கண்டிப்பானவர். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். சுவரோரம் முசேயும் தாவீதும், எப்போதும் இல்லாத அதிசயமாக ஒரே பெஞ்சில். கதவோரம் தெரேஸ். மேஜைமேல் வேதப்புத்தகம்.

"இன்னாசி, கையை வச்சுச் சொல்லு" என்றார் சாமியார்.

பதற்றத்தில் இரண்டு கையையும் வைத்துவிட்டேன்.

"ஒரு கை போதும்" என்றார். பெஞ்சில் தாவீது தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"திருச்சபைச் சட்டத்துல இப்படி ஒரு தடை கெடையாது. ஆனா மனசுல ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசறவன் பலிபீடத்து முன்னாடி நின்னு வாக்குக் குடுக்க முடியாது. அதனால கேக்கறேன். உனக்கு அந்த நாடகம் பிடிச்சுதா, பிடிக்கலையா?"

"ரெண்டும் இல்ல சாமி."

"பார்த்தீங்களா சாமி!" என்று முசே எழுந்தார். "மூணாவதா ஒரு அபிப்பிராயம் வச்சிருக்கான்!"

"உக்காரு அந்துவான். ரெண்டும் இல்லன்னா?"

"நான் அதைப் பார்க்கவே இல்ல சாமி."

"ரெண்டு ஞாயிறும் நாற்காலி போட்டு உக்காந்திருந்தியாமே. எங்கதான் பார்த்தே?"

எனக்குக் காது சுட்டது. வேதப்புத்தகத்தின்மேல் கை இருந்தது. வேறு வழி இல்லை. "டெக்குப் பக்கம்" என்றேன்.

சாமியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு கதவோரம் பார்த்தார். தெரேஸ் தரையைப் பார்த்தாள்.

"பொய்" என்றார் முசே. "பொய்யில நல்லா பழகின ஆளு சாமி. நான் கேக்கறேன். இன்னாசி, உளவு சொல்றவன்னு நான் சந்தேகப்படறது யாரை?"

"தெரியல மாமா."

"வழுக்கைத் தலையனைத் தெரியுமா?"

"எந்த வழுக்கைத் தலையன்?"

தாவீதுக்குப் பொறுக்கவில்லை. அவர் கட்சியின் ஒரே நம்பிக்கை அந்தத் துப்பாக்கி. "டிராயர்ல இன்னா இருந்துது மாப்ளே? அதையாவது சொல்லுங்க!"

"எந்த டிராயர் சின்ன மாமா?"

தாவீது அண்ணனைப் பார்த்தார். "இவன் பாக்கலண்ணே. சத்தியமா பாக்கல. டிராயரைத் தெரியாதவன் நம்ம ஊருலயே கெடையாது."

சாமியார் தெரேசைக் கூப்பிட்டார். பெண்ணையும் தனியாகக் கேட்பதுதான் வழக்கம்; அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"இவரு டி.வி.யைப் பார்க்கலைன்னு மொத நாளே எனக்குத் தெரியும் சாமி" என்றாள். "பயந்த ஆளு. அப்பா மூஞ்சியும் கோணக்கூடாது, சித்தப்பா மூஞ்சியும் கோணக்கூடாதுன்னு ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. பயந்தவரை நான் பாத்துக்குவேன். இனிமே இவரு கையை நான் பாத்துக்கறேன்."

சாமியார் சிரித்துவிட்டார். அடக்க முயன்று, முடியாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தாவீது பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. முசே சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, தம்பியிடம் தாழ்ந்த குரலில் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒண்ணையும் பாக்காம, எல்லாத்தையும் பாத்தவன் மாதிரி உக்காந்திருந்தான் பாரு, அதுவும் என் மூஞ்சிக்கு நேரா. இவன் சாதாரண ஆளு இல்லடா."

முசே தடையை வாபஸ் வாங்கினார், மூன்றாம் ஓலை வாசித்தார்கள். யாரும் எழவில்லை. அன்று மூன்றாம் கேசட்டும் ஓடியது. தாவீதே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கடைசியில் இரண்டு கிழவர்கள் ஒரு பூங்காவில் சந்தித்தார்கள், ஒருவன் மற்றவனின் தொப்பியை எடுத்துக் கொடுத்தான், முடிந்துவிட்டது. உளவாளி யார் என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கல்யாணத்துக்கு பிரான்சிலிருந்து வந்த மச்சான்தான் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். உளவு சொல்கிறவன் கையில் மட்டும் எப்போதும் பச்சை நிறக் கோப்பு இருக்குமாம், மற்றவர்கள் கையில் சிவப்பாம். "கலர்ல பார்த்தா சின்னக் கொழந்தைக்குக்கூட மொத நாளே தெரியும்பா!" என்றான். முசே அசரவில்லை. "கலரைப் பாத்து கண்டுபுடிக்கறதுக்கு இன்னாத்துக்குடா மூளை?" என்றார். குடைக்காரன்மேல் இருந்த சந்தேகத்தைக் கடைசிவரை அவர் விடவில்லை.

என்மேல் இருந்த சந்தேகத்தையும் விடவில்லை. கல்யாணமான முதல் வருஷம், நான் எப்போது காகிதம் கேட்பேன் என்று காத்திருந்தார். நான் கேட்கவில்லை. பேரன் பிறந்தால் கேட்பான் என்று காத்திருந்தார். பேத்தி பிறந்தாள், அப்போதும் கேட்கவில்லை. மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்கிட்டயாவது கேட்டானா?" என்பார். "இல்லப்பா" என்றால், "இத்தினி வருசமா ஒருத்தன் கேக்காம இருக்கான்னா உள்ளுக்குள்ள எவ்ளோ பெருசா வச்சிருப்பான்!" என்று வியப்பார். சாப்பிடும்போது திடீரென்று பாரீஸ் குளிரைப் பற்றிப் பேச்செடுத்து, என் முகத்தைக் கவனிப்பார். நான் ரசம் ஊற்றச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். தெரேசுக்கும் போக ஆசை இல்லை, எனக்கும் இல்லை. மதகடிப்பட்டு மாடுகளோடு என் காலம் நிம்மதியாகப் போனது. இவ்வளவு சின்ன உண்மையை அந்த மனிதரை நம்பவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தபோது நான்தான் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, மருந்து கொடுத்தேன். வேறு யார் தொட்டாலும் கத்துவார். நான் தொட்டால் பேசாமல் இருப்பார். ஒரு மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இல்லை.

"மாப்ளே, இனி கொஞ்ச நாள்தான். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இப்பவாச்சும் சொல்லிடுங்க. இன்னா திட்டம்?"

அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பெரிய திட்டத்தைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். அதற்கும் எனக்குச் சாமர்த்தியம் இல்லை. "ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தெரேஸ் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"பாத்தியாடி? சாவப்போறவன்கிட்டகூட வாயைத் தொறக்கல. இவன்தான்டி ஆளு."

இன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு நான் ஈசிசேரில் கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால் போதும், என் மகள், தாத்தா சொன்னதை மறக்காமல், அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, சத்தம் போடாத. அப்பா வேலையில இருக்காரு."